பென் டிரைவும் நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும்

மீட்டர்காரர்: கையை எடுங்க சம்பந்தி! மவுஸ் மேல கை வைக்காதீங்க. இது பிரசவம் மாதிரி. பக்கத்துல நிக்கலாம், பதறக்கூடாது.

லிஃப்ட்காரர்: நான் எங்க பதறுறேன்? என் ரூம், என் கம்ப்யூட்டர், என் நாற்காலி… நான் ஓரமா ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்.

மீட்டர்காரர்: அதுதான் சரியான இடம். இப்போ பென் டிரைவ் சொருகியாச்சு. ஆன் பண்ணதும் எஃப் பன்னெண்டு பட்டனை அமுக்கணும். ஒரு நொடி பிந்துச்சோ, உங்க பழைய சிஸ்டம் முந்திக்கும்.

லிஃப்ட்காரர்: பிந்துங்களேன்…

மீட்டர்காரர்: என்னது?

லிஃப்ட்காரர்: ஒண்ணுமில்ல. அமுக்குங்க. நீங்க விடவா போறீங்க.

மீட்டர்காரர்: விடமாட்டேன். தங்கச்சியே, உங்க வீட்டம்மாவே எனக்கு போன் பண்ணி அழாத குறை. "அண்ணா, இவரு கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இருபது நிமிஷம் ஆகுது, வந்து ஏதாவது பண்ணுங்க"ன்னு. எழுத்தாளர் வீட்டுக் கம்ப்யூட்டர் இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கலாமா? ஹா! வந்துருச்சு பாருங்க.

லிஃப்ட்காரர்: ஒரே கறுப்பா இருக்கு. வெள்ளை எழுத்து வேற மளமளன்னு ஓடுது.

மீட்டர்காரர்: முதல்ல அப்படித்தான் முறைக்கும். அப்புறம் குழந்தை மாதிரி சிரிக்கும்.

லிஃப்ட்காரர்: இதுக்குப் பேர் என்ன சொன்னீங்க?

மீட்டர்காரர்: லினக்ஸ். உங்க பழைய சிஸ்டத்துக்குப் பதிலா ஓடப்போற புது சிஸ்டம்.

லிஃப்ட்காரர்: எந்தக் கம்பெனி?

மீட்டர்காரர்: சூட்சுமமே அங்கதான். இது ஒரு கம்பெனிக்காரன் சொத்து கிடையாது! உலகம் பூரா ஆளுங்க அவங்கவங்க வீட்டுல உக்காந்து செய்யறாங்க. ஒரு நாலு லட்சம் பேர் இருப்பாங்க. அதுல ஒருத்தர் மூலையில இருக்கிற கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கிறாரு. வேற வேலையே கிடையாது. பரம்பரை பரம்பரையா.

லிஃப்ட்காரர்: பரம்பரையாவா? கம்ப்யூட்டர் வந்தே…

மீட்டர்காரர்: ஒரு பேச்சுக்கு சொன்னா குறுக்கே விழாதீங்க.

லிஃப்ட்காரர்: சும்மா குடுக்கிறாங்கன்னா எங்கயோ இடிக்குதே சம்பந்தி.

மீட்டர்காரர்: இடிக்கும். எனக்கும் இடிச்சுது. முப்பத்தஞ்சு வருஷம் வீடு வீடா ஏறி கரண்ட் மீட்டர் பார்த்தவன் நான். மீட்டர் பெட்டிக்கு எதுக்குக் கண்ணாடி வச்சிருக்கான்? உள்ள சக்கரம் சுத்துறது வெளிய தெரியணும்னுதானே? இதுவும் அதே மாதிரி. உள்ள என்ன ஓடுதுன்னு யாரு வேணா எட்டிப் பார்க்கலாம். தப்பு இருந்தா திருத்தலாம்.

லிஃப்ட்காரர்: யாரு வேணா திருத்தலாமா? நல்லா இருக்கே! முப்பத்தொரு வருஷம் நான் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் ரூம் சாவியை ஊருக்கெல்லாம் குடுத்தா, அந்த லிஃப்ட்ல நான் ஏறமாட்டேன்.

மீட்டர்காரர்: உங்க லிஃப்ட்டுக்கு சாவி ஒரே ஆள்கிட்ட இருந்துச்சு. அந்த ஆள் சாப்பிடப் போயிட்டா? உள்ள மாட்டுனவன் கதி?

லிஃப்ட்காரர்: அது… நான் வேகமா சாப்பிடுவேன்.

மீட்டர்காரர்: கேட்டா வக்கீல் மாதிரி பதில் மட்டும் வரும்.

லிஃப்ட்காரர்: நீங்க இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கீங்க?

மீட்டர்காரர்: இதோட நூத்தி நாப்பத்தோராவது.

லிஃப்ட்காரர்: போன வாரம் முப்பதுன்னீங்க!

மீட்டர்காரர்: காட்டுத்தீ மாதிரி பரவுது சம்பந்தி. தெருவுல போனா ஜன்னல் வழியா கூப்பிடுறாங்க. அதை விடுங்க, உங்ககிட்ட ஒரு சமாச்சாரம் சொல்லணும். சஸ்பென்ஸா வச்சிருந்தேன். தங்கச்சிகிட்ட மட்டும் சொன்னேன். இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஒருத்தர் வர்றாரு.

லிஃப்ட்காரர்: யாரு?

மீட்டர்காரர்: அச்சகத்துக்காரர்.

லிஃப்ட்காரர்: எந்த… எந்த அச்சகம்?

மீட்டர்காரர்: நான் இருபது வருஷம் மீட்டர் பார்த்த அச்சகம். உங்க புத்தகத்தைப் பத்தி சொன்னேன். "ஒரு லிஃப்ட் மெக்கானிக்கோட வாழ்க்கை, நானூத்திப் பன்னெண்டு பக்கம், பேரு 'மேலும் கீழும்'"னு. மனுஷன் நாற்காலியை விட்டு ஒரு அடி எழும்பிட்டாரு! ஃபைலைக் கையோட வாங்கிட்டுப் போறேன்னு நிக்கிறாரு.

லிஃப்ட்காரர்: இன்னிக்கா?

மீட்டர்காரர்: இன்னிக்கேதான். ஏன், உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

லிஃப்ட்காரர்: சந்தோஷம்… திடீர்னு வந்த சந்தோஷம். கொஞ்சம் மூச்சு முட்டுது.

மீட்டர்காரர்: முட்டட்டும், முட்டட்டும். ரெண்டு வருஷம், தினமும் மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு எழுதின எழுத்து. சும்மாவா? ஆங்… வந்தாச்சு! பாருங்க! பச்சை மலை, மேகம், மூலையில கடிகாரம். எத்தனை நொடி? நாப்பது!

லிஃப்ட்காரர்: நான் ஒண்ணரை நிமிஷம் எண்ணினேன்.

மீட்டர்காரர்: நீங்க வேகமா எண்ணியிருப்பீங்க. எப்படி இருக்கு? மெனு இங்க. எழுதறதுக்கு இது. படம் பார்க்க இது. சின்னக் குழந்தைகூட ஓட்டலாம். ஆமான்னு சொல்லுங்களேன்.

லிஃப்ட்காரர்: அழகாத்தான் இருக்கு. எல்லாம் இடத்துல இருக்கு. ஆனா… என்னோட சாமான் எதையும் காணோமே?

மீட்டர்காரர்: எது?

லிஃப்ட்காரர்: இந்த இடத்துல ஒரு மஞ்சள் ஃபோல்டர் இருந்துச்சு. "மேலும் கீழும்"னு.

மீட்டர்காரர்: இருக்கும். எங்க போகப் போகுது? இங்க இல்லாட்டி இதுக்குள்ள… இதுக்குள்ளயும் இல்லையா? சரி, "டாக்குமெண்ட்ஸ்"ல…

லிஃப்ட்காரர்: "காலி"ன்னு காட்டுது.

மீட்டர்காரர்: காலின்னா… வந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். மெதுவா வரும். புது வீட்டுக்குக் குடி போனா சாமான் வண்டி பின்னாடிதானே வரும்?

லிஃப்ட்காரர்: சம்பந்தி, திரையில அந்த அம்பு எகிறிக்கிட்டே இருக்கே.

மீட்டர்காரர்: ஃபேன் காத்து.

லிஃப்ட்காரர்: ஃபேன் போடலையே.

மீட்டர்காரர்: அதான்… புழுக்கத்துல எகிறுது.

லிஃப்ட்காரர்: சம்பந்தி. நேரா சொல்லுங்க. அழிஞ்சிருச்சா?

மீட்டர்காரர்: இருங்க, தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்…

லிஃப்ட்காரர்: மொத்தமாவா?

மீட்டர்காரர்: பழைய சிஸ்டமே இல்லையே சம்பந்தி! தேடிப் பார்த்தாச்சு. அது இருந்தா அதுக்குள்ள உங்க புத்தகம் இருக்கும். அது இருந்த இடத்துலதான் இப்போ பச்சை மலை நிக்குதே! ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்… பொண்ணைக் குடுத்த வீட்டுல வந்து… நானூத்திப் பன்னெண்டு பக்கம்! சாயந்திரம் ஆபீஸ்லேர்ந்து வருவா என் பொண்ணு. "அப்பா, என் மாமனாரோட ரெண்டு வருஷ உழைப்பைக் காணோமாமே"ன்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு…

லிஃப்ட்காரர்: அட, போனா போகுது, விடுங்க!

மீட்டர்காரர்: என்னது?

லிஃப்ட்காரர்: போனது போகட்டும்னேன். மனுஷன் முக்கியமா, பக்கம் முக்கியமா?

மீட்டர்காரர்: சம்பந்தி… நீங்க என்னை அடிச்சாக்கூட தாங்கிக்குவேன். இப்படிச் சிரிக்காதீங்க. பயமா இருக்கு.

லிஃப்ட்காரர்: நான் எங்க சிரிக்கிறேன்? இது துக்கம். எனக்குத் துக்கம் வந்தா பல்லு தெரியும். ஒரு தடவை தேடினீங்க, கிடைக்கல. முடிஞ்சுது. வாங்க, ஹால்ல போய்க் காத்தாட உக்காருவோம்.

மீட்டர்காரர்: நீங்க மனுஷனே இல்ல சம்பந்தி. தெய்வம். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த புத்தகத்தைத் தொலைச்சவனைப் பார்த்துக் காத்தாடக் கூப்பிடுறீங்களே! இல்ல, நான் விடமாட்டேன். மணி பத்தே கால். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதறேன்.

லிஃப்ட்காரர்: எதை?

மீட்டர்காரர்: நானூத்திப் பன்னெண்டு பக்கத்தையும்! என் கை வேகம் உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு மூவாயிரம் வீட்டுக்கு மீட்டர் குறிச்ச கை. சொல்லுங்க. முதல் அத்தியாயம் எப்படி ஆரம்பிக்குது?

லிஃப்ட்காரர்: முதல் அத்தியாயமா… "லிஃப்ட் நின்றது."

மீட்டர்காரர்: ஆகா! என்ன ஒரு தொடக்கம்! புல்லரிக்குது. அடுத்தது?

லிஃப்ட்காரர்: அடுத்தது… இப்போ ஞாபகம் இல்ல.

மீட்டர்காரர்: அதிர்ச்சி. அதிர்ச்சியில மறந்திருக்கும். பல் டாக்டர் கதையைச் சொல்லுங்க, கல்யாணப் பேச்சப்போ எங்களையெல்லாம் சிரிக்க வச்சீங்களே.

லிஃப்ட்காரர்: அதுவா? ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஒரு பல் டாக்டரு, பல்வலியோட ஒருத்தன், அப்புறம் அவன் மாமியார். வலிக்காரன் டாக்டருக்கு பயந்து கீழ ஓடி வந்துக்கிட்டிருந்தவன். டாக்டரு டீ குடிக்கக் கீழ போயிட்டிருந்தவரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறாங்க… லிஃப்ட் நிக்குது.

மீட்டர்காரர்: அப்புறம்?

லிஃப்ட்காரர்: நான் கதவைத் திறந்தப்போ பல்லு மாமியார் கையில இருந்துச்சு.

மீட்டர்காரர்: இதை! இதைத்தான்யா நான் அழிச்சிருக்கேன்! இருங்க, இருங்க, "மாமியார் கையில…" சத்தம் போடாதீங்க, தங்கச்சி வர்றாங்க. அவங்களுக்கு எதுவும் தெரிய வேணாம். நான் பக்குவமா…

வீட்டம்மா: தண்ணி கொண்டு வந்தேன் அண்ணா. முடிஞ்சுதா வேலை?

லிஃப்ட்காரர்: முடிஞ்சுது. புத்தகம் மொத்தமா அழிஞ்சுபோச்சு!

மீட்டர்காரர்: சம்பந்தி!

வீட்டம்மா: ஐயய்யோ!

மீட்டர்காரர்: தங்கச்சி, என்னை மன்னிச்சிடும்மா. எல்லாம் என் கை பண்ண பாவம்…

வீட்டம்மா: எல்லாமேவா? ஒரு பக்கம்கூட மிச்சம் இல்லையா?

லிஃப்ட்காரர்: ஒரு வரிகூட இல்ல.

வீட்டம்மா: அடப் பாவமே. அப்போ மறுபடியும் முதல்லேர்ந்து எழுதணுமா?

லிஃப்ட்காரர்: வேற வழி?

வீட்டம்மா: மறுபடியும் தினமும் ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்குமா?

லிஃப்ட்காரர்: ஆமா.

வீட்டம்மா: ரெண்டு வருஷமா?

லிஃப்ட்காரர்: கூடவே ஆகலாம். ரெண்டாவது தடவைங்கிறது கஷ்டம்.

வீட்டம்மா: ஆகட்டுங்க. நிதானமா எழுதுங்க. எதுக்கு அவசரம்? அண்ணா, கண்ணைத் துடைச்சுக்கோங்க. தண்ணியைக் குடிங்க. நடந்ததெல்லாம் நல்லதுக்குத்தான்னு இருக்கணும்.

மீட்டர்காரர்: என்ன குடும்பம்டா இது… ஒருத்தர் காத்தாடக் கூப்பிடுறாரு, ஒருத்தர் தண்ணி குடுக்கிறாங்க. வேற வீடா இருந்தா இந்நேரம் என்னை ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பாங்க. இதுக்கு மேல நான் பொறுக்கமாட்டேன். லைப்ரரியம்மாவுக்கு போன் போடறேன்.

லிஃப்ட்காரர்: அவங்க யாரு?

மீட்டர்காரர்: நம்ம தெருமுனை லைப்ரரியில இந்த சிஸ்டத்துக்கு வகுப்பு எடுக்கிறவங்க. பென் டிரைவே அவங்க குடுத்ததுதான்.

லிஃப்ட்காரர்: பாவம், வேலையில இருப்பாங்க. தொந்தரவு பண்ணாதீங்க.

மீட்டர்காரர்: ரிங் போகுது.

லிஃப்ட்காரர்: வெச்சிடுங்க சம்பந்தி, சொன்னாக் கேளுங்க…

மீட்டர்காரர்: ஹலோ! அம்மா, நான்தான்… ஆமாம்மா, வகுப்புல முதல் வரிசை… ஆமா, கேள்வியா கேட்டுக்கிட்டே இருப்பேனே, அவனேதான். அம்மா, ஒரு கொலை பண்ணிட்டேன்… இல்ல இல்ல, ஆளை இல்ல! கம்ப்யூட்டரை. சம்பந்தி வீட்டுல. பென் டிரைவ் போட்டு, எஃப் பன்னெண்டு அமுக்கி… ஆமா, பச்சை மலை வந்துச்சு. உள்ள இருந்த புத்தகம் போயிடுச்சு… என்னம்மா? "எந்தக் கேள்விக்கு என்ன பதில் குடுத்தீங்க"வா? அது ஒண்ணும் கேக்கலையே. நேரா மலைதான்… இல்லம்மா, இதுக்கு முன்னாடி… அது வந்து… கொஞ்சம் மெதுவா பேசுங்க, பக்கத்துல ஆள் இருக்காங்க… இல்ல. ஒண்ணுகூடப் பண்ணதில்ல. என் வீட்டுது நீங்கதானே வந்து போட்டுக் குடுத்தீங்க. நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தேன்.

லிஃப்ட்காரர்: நூத்தி நாப்பத்தோராவது!

மீட்டர்காரர்: உஷ்ஷ்! சொல்லுங்கம்மா… திரையிலயா? ஆமா, ஒரே ஒரு படம் இருக்கு, வட்டமா. அதுக்கு அடியில… கண்ணாடி போட்டுக்கிறேன்… "இன்ஸ்டால்"னு எழுதியிருக்கு. ஆமா. ஆமா… என்னது? என்னம்மா சொல்றீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. உங்க வாய்க்கு சர்க்கரை போடணும்… சரி… சரி… இடது பக்கம் ஹார்ட் டிஸ்க்… அதை அமுக்கினா… அம்மா, நீங்க நூறு வருஷம், இல்ல, நூத்தம்பது வருஷம் நல்லா இருக்கணும்! வெச்சிடறேன்!

வீட்டம்மா: என்ன அண்ணா? என்ன சொன்னாங்க?

மீட்டர்காரர்: அழியல! எதுவுமே அழியல! தங்கச்சி, அழியலம்மா! நான் இன்னும் இன்ஸ்டாலே பண்ணலையாம்!

லிஃப்ட்காரர்: பண்ணலையா? அப்போ இந்த மலை?

மீட்டர்காரர்: அது பென் டிரைவ்லேர்ந்தே ஓடுதாம்! சும்மா ஓட்டிப் பார்க்கிறதுக்கு. துணிக்கடையில சட்டையை மாட்டிப் பார்க்கிறோமே, அப்படி. நாம போட்டுக்கிட்டு வந்த சட்டை கொக்கியில பத்திரமாத் தொங்குது! பென் டிரைவைப் பிடுங்கிட்டு ஆன் பண்ணா பழைய சிஸ்டம், பழைய ஃபோல்டர், நானூத்திப் பன்னெண்டு பக்கம், ஒரு புள்ளிகூடக் குறையாம! அடடடா, இப்பத்தான் ரத்தம் காலுக்கு இறங்குது. மூணு வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. முப்பது வயசு!

வீட்டம்மா: …ஓ. அப்படியா அண்ணா.

லிஃப்ட்காரர்: …ரொம்ப சந்தோஷம்.

மீட்டர்காரர்: என்ன, ரெண்டு பேரும் கரண்ட் போன மாதிரி நிக்கிறீங்க?

வீட்டம்மா: இல்லண்ணா, சந்தோஷம்தான். அடுப்புல பாத்திரம் இருக்கு. நான் போறேன்.

மீட்டர்காரர்: பாவம், ஆனந்தத்துல பேச்சு வரல. சம்பந்தி, இப்போ நான் உங்ககிட்ட உண்மையை ஒத்துக்கணும். நூத்தி நாப்பதும் பொய். முப்பதும் பொய். உங்களுதுதான் நான் தனியாத் தொட்ட முதல் கம்ப்யூட்டர். சொல்லிட்டேன். மனசு லேசாயிடுச்சு.

லிஃப்ட்காரர்: பரவாயில்ல, பரவாயில்ல. நான் என்ன கேக்கிறேன்னா… வந்த வேலையை ஏன் பாதியில விடணும்? இன்ஸ்டால் பண்ணிடலாமே? முழுசா?

மீட்டர்காரர்: பண்ணலாம். முதல்ல புத்தகத்தை வெளிய எடுத்து வச்சுட்டு.

லிஃப்ட்காரர்: அதெல்லாம் அப்புறம். இந்த வட்டத்தை அமுக்கணும், அவ்வளவுதானே? அமுக்கிட்டேன். அடுத்தது… அடுத்தது… எவ்வளவு சுலபமா இருக்கு! நீங்க சொன்ன மாதிரி குழந்தைகூட… இதோ, கேக்குது பாருங்க. "டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவும்." இதைத்தானே அமுக்கணும்?

மீட்டர்காரர்: அதை அமுக்கினா எல்லாம் போயிடும்!

லிஃப்ட்காரர்: அதான் கேக்கிறேன். இதை அமுக்கவா?

மீட்டர்காரர்: சம்பந்தி! கையை எடுங்க! உங்களுக்கு சித்தம் கலங்கிடுச்சா? மவுஸை விடுங்க… விடுங்கன்னா!

லிஃப்ட்காரர்: ஒரே ஒரு அமுக்கு…

மீட்டர்காரர்: மூடிட்டேன். அந்தக் கேள்விப் பெட்டியையே மூடிட்டேன். நல்ல வேளை! சந்தோஷத்துல மனுஷனுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்றது சரிதான். இருங்க, லைப்ரரியம்மா சொன்ன மாதிரி… இடது பக்கம், ஹார்ட் டிஸ்க். அமுக்கினேன். திறந்துச்சு! உங்க பேரு. டெஸ்க்டாப். ஆங்! மஞ்சள் ஃபோல்டர்! "மேலும் கீழும்"! வாடா ராஜா!

லிஃப்ட்காரர்: இருக்குன்னு தெரிஞ்சாச்சுல்ல. போதும். திறக்க வேணாம்.

மீட்டர்காரர்: கண்ணால ஒரு தடவை பார்த்துக்கிறேன் சம்பந்தி. அப்போதான் என் நெஞ்சு படபடப்பு அடங்கும்.

லிஃப்ட்காரர்: எழுத்தாளன் அனுமதி இல்லாம…

மீட்டர்காரர்: திறந்தாச்சு. "லிஃப்ட் நின்றது." ஆகா… அப்புறம்… அப்புறம் எங்க? கீழ இழுக்கிறேன், வெள்ளையா இருக்கே? ஐயோ! பாதி அழிஞ்சிருக்கு! பாதி இல்ல, முக்காலும் போயிடுச்சு! லைப்ரரியம்மா பொய் சொல்லிட்டாங்க! போனைக் குடுங்க…

லிஃப்ட்காரர்: போனை வைங்க. கத்தாதீங்க. கதவைச் சாத்துங்க.

மீட்டர்காரர்: சாத்தியாச்சு.

லிஃப்ட்காரர்: எதுவும் அழியல. அவ்வளவுதான் புத்தகம்.

மீட்டர்காரர்: எவ்வளவுதான்?

லிஃப்ட்காரர்: அந்த ஒரு வரி. ரிட்டையர் ஆன மறு வாரம் எழுதினேன். "லிஃப்ட் நின்றது." அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா அது அங்கேயேதான் நிக்குது சம்பந்தி. வாயால சொல்லச் சொன்னா விடிய விடிய சொல்லுவேன். இந்த வெள்ளைத் திரையைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குது.

மீட்டர்காரர்: அப்போ… தினமும் மத்தியானம்? மூணு மணி நேரம்?

லிஃப்ட்காரர்: சீட்டு.

மீட்டர்காரர்: சீட்டா?

லிஃப்ட்காரர்: கம்ப்யூட்டர்லயே இருக்கே, தனி ஆளா ஆடறது. ராஜா மேல ராணி, ராணி மேல ஜாக்கி… முதல்ல பத்து நிமிஷம் மூளை இளைப்பாறட்டும்னுதான் ஆரம்பிச்சேன்.

மீட்டர்காரர்: நானூத்திப் பன்னெண்டு?

லிஃப்ட்காரர்: ஜெயிச்ச ஆட்டம். அவ ஒரு நாள் "எவ்வளவு ஆச்சு"ன்னு கேட்டா. நான் திரையில இருந்த கணக்கைப் பார்த்து "நூத்தி எட்டு"ன்னேன். அவ அதைப் பக்கம்னு எடுத்துக்கிட்டா. அடுத்த வீட்டுல சொன்னா, மாடியில சொன்னா, உங்க பொண்ணுகிட்ட சொன்னா, உங்ககிட்ட சொன்னா. ஆட்டம் ஏற ஏற பக்கமும் ஏறிடுச்சு. நடுவுல எங்க இறங்கறதுன்னு தெரியல. கதவைத் திறக்க வெளியிலேர்ந்து ஒரு மெக்கானிக் வரமாட்டானான்னு இருந்தேன். நீங்க வந்தீங்க.

மீட்டர்காரர்: அதான் பல்லு தெரிஞ்சுதா!

லிஃப்ட்காரர்: அழிஞ்சிருச்சுன்னு நீங்க சொன்னப்போ, சத்தியமா சொல்றேன், உங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம்னு இருந்துச்சு. லைப்ரரியம்மா கெடுத்துட்டாங்க.

மீட்டர்காரர்: ஹா… ஹா… ஹாஹாஹா! நான் இங்க உயிரை விட்டுக்கிட்டிருக்கேன்… இவரு… சம்பந்தி, வயிறு வலிக்குது…

லிஃப்ட்காரர்: சிரிக்காதீங்க! வெளிய கேக்கும். உங்ககிட்ட சொன்னதுல பாதி பாரம் இறங்கிடுச்சு. மீதி பாதி பதினோரு மணிக்கு வருதே, அதுக்கு வழி சொல்லுங்க.

மீட்டர்காரர்: மணி என்ன?

லிஃப்ட்காரர்: பதினொண்ணு அடிக்க ரெண்டு… காலிங் பெல்!

மீட்டர்காரர்: அச்சகத்துக்காரரு! மனுஷன் நேரத்துக்கு வந்துட்டானே!

லிஃப்ட்காரர்: நீங்க போய் அழிஞ்சிருச்சுன்னே சொல்லிடுங்க. உங்க மேலயே பழி இருக்கட்டும். பெரிய மனசு பண்ணுங்க.

மீட்டர்காரர்: இப்போதானே கழுவினேன் அந்தப் பழியை! சரி… பொண்ணு குடுத்த வீடு. சொல்லித் தொலைக்கிறேன். நகருங்க. ஆனா ஒரு நிமிஷம்… கேளுங்க. தங்கச்சி கதவைத் திறந்துட்டாங்க. பேசறாங்க. என்ன பேசறாங்க?

லிஃப்ட்காரர்: ஒண்ணும் காதுல விழல. அவரை உள்ள கூட்டிட்டு வருவா. நான் செத்தேன்.

மீட்டர்காரர்: இல்ல… கதவு மூடற சத்தம் கேக்குது. காலடி இந்தப் பக்கம்தான் வருது. நிமிர்ந்து உக்காருங்க. முகத்தை எழுத்தாளர் மாதிரி வச்சுக்கோங்க.

வீட்டம்மா: போயிட்டாரு.

மீட்டர்காரர்: யாரும்மா?

வீட்டம்மா: அச்சகத்துக்காரரு. இன்னும் எழுதி முடிக்கல, முடிச்சதும் நாங்களே சொல்லி அனுப்பறோம்னு சொன்னேன். நல்ல மனுஷன், "எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லம்மா"ன்னுட்டாரு.

லிஃப்ட்காரர்: நீ எதுக்கு அப்படி… நானூத்திப் பன்னெண்டு பக்கம் ஆச்சுன்னுதானே உன்கிட்ட…

வீட்டம்மா: எழுதற சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாங்க? டக டக டகன்னு இருக்கும். உங்க ரூம்ல ரெண்டு வருஷமா ஒரே "க்ளிக்"கு. ஜெயிச்சா அது வேற ஒரு பாட்டுப் பாடுது. அதைக் கேட்டுக் கேட்டு அடுத்த வீட்டுக் குழந்தைக்கே அந்தப் பாட்டு மனப்பாடம்.

லிஃப்ட்காரர்: அப்போ… உனக்குத் தெரியுமா?

வீட்டம்மா: ரெண்டாவது வாரத்துலேர்ந்து.

மீட்டர்காரர்: தெரிஞ்சுமா தங்கச்சி ஊரெல்லாம் எழுதறாரு எழுதறாருன்னு சொன்னே?

வீட்டம்மா: பின்ன? ரிட்டையர் ஆன மறுநாள் இவரு என்ன பண்ணாரு தெரியுமா அண்ணா? சமையலறையில இருக்கிற டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டினாரு. பாத்திர அலமாரியில "அதிகபட்ச எடை பதினஞ்சு கிலோ"ன்னு சீட்டு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து மூடியைத் திறந்து பார்த்து "இது ஏன் இங்க இருக்கு?"ன்னு விசாரணை. அப்புறம் ஒரு நாள் புத்தகம் எழுதப் போறேன்னு கதவைச் சாத்தினாரு. முப்பத்தொரு வருஷம் என்னோடதா இருந்த வீடு, மூணு மணி நேரத்துக்காவது திரும்பக் கிடைச்சுது. காலை நீட்டிப் படுக்கிறேன், பாட்டு கேக்கிறேன், ஒண்ணுமே பண்ணாம சும்மா உக்காந்திருக்கேன். இந்தப் புத்தகம் முடிஞ்சுடுச்சுன்னா என் கதி என்னன்னு எனக்குல்ல பயம்!

லிஃப்ட்காரர்: அடிப்பாவி… நான் ரெண்டு வருஷமா உனக்கு பயந்து சாகறேன்.

மீட்டர்காரர்: இரும்மா, எனக்கு ஒண்ணு புரியல. அப்படின்னா கம்ப்யூட்டரை சரி பண்ணச் சொல்லி என்னை ஏன் கூப்பிட்டே?

வீட்டம்மா: ஆன் ஆக இருபது நிமிஷம் ஆகுதுண்ணா! அந்த இருபது நிமிஷமும் அடுப்படியில வந்து நின்னு டப்பாவை எண்ணறாரு. அதை மட்டும் சொல்லுங்க, இந்தப் பச்சை மலை சிஸ்டத்துல சீட்டாட்டம் இருக்கா?

மீட்டர்காரர்: இருக்காவா? ஒண்ணு ரெண்டு இல்ல, எண்பது வகை இருக்கும்மா! இது பொய் இல்ல, லைப்ரரியம்மா வகுப்புலயே காட்டினாங்க. அதுவும் இனாம்தான்.

வீட்டம்மா: எண்பதா! அப்போ யோசிக்காம அதையே போட்டுக் குடுத்துட்டுப் போங்கண்ணா. கடவுள் புண்ணியத்துல இன்னும் ஒரு ஏழெட்டு வருஷம் எழுதுவாரு.